நூலின் ஆன்மாவைத் தேடியவர்

சீர்காழி எனின் திருஞானசம்பந்தரும் அருணாசலக் கவிராயரும் நம் நினைவில் எழுவர். அவ்வூரில் 1892 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிறந்த அரங்கநாதனார் பாடல் புனைந்தவர் அல்லர், கணிதம் கற்பித்தவர். ஆயினும் பாடல் நூலொன்று, அதனைத் தேடுவோர் கையைச் சென்றடையும் நெறியை வகுத்த பெருமை அவருக்கு உண்டு.

ஆறு வயதில் தந்தையை இழந்த அரங்கநாதனார், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று 1916 இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோவையிலும் ஆசிரியப் பணி ஆற்றிப் பின் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். மாணவர் சூழ வாழ்ந்தவருக்கு நூலகத்தின் தனிமை கசந்தது. வகுப்பறைக்கே மீள விரும்பினார். லண்டன் சென்று பயின்ற பின்னும் மனம் மாறாவிடில் திரும்பலாம் என்னும் இசைவோடு அவ்வாண்டே கடல் கடந்தார்.

மனம் மாறிற்று. இங்கிலாந்து நூலகங்களில் மக்கள் திரளாய் வந்து பயனுறுவதைக் கண்டார். அந்நாளைய பகுப்புமுறைகள் ஒவ்வொரு பொருளுக்கும் ஆயத்தமான ஓர் அறையை முன்கூட்டியே வகுத்திருந்தன. புதுப்பொருள் தோன்றினால் அதற்கு இடமில்லை. அங்காடி ஒன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டபோது அவருக்கு விடை கிட்டியது. சில தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டே பல உருவங்கள் அமைக்கலாம். அவ்வாறே சில அடிப்படைக் கூறுகளை இணைத்து எப்பொருளையும் குறிக்கலாம் எனத் தெளிந்தார். கூறுகளை இணைக்கும் திருகாணியாய் அமைந்தது முக்காற்புள்ளி. 1933 இல் வெளியான அவருடைய கோலன் பகுப்புமுறை அதனாற் பெயர் பெற்றது. 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1934 இல் பட்டியலாக்க விதிகளையும் நூலாக்கினார். படிப்பவர்க்கு உரிய நூலும், நூலுக்கு உரிய படிப்பவரும் காலம் வீணாகாது கூடவேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

நூல் என்பது யாது என்னும் வினாவை அவர் தத்துவ நோக்கில் அணுகினார். கருத்தை ஆன்மாவாகவும், மொழிவடிவை நுண்ணுடலாகவும், தாளும் மையும் கட்டடமும் சேர்ந்ததைப் பருவுடலாகவும் கண்டார். தேரூர் தந்த கவிமணியின் உமர் கய்யாம் பாடல்களை எடுத்துக்கொள்வோம். பாரசீகத்தில் ஒரு நுண்ணுடல், பிட்செரால்டின் ஆங்கிலத்தில் மற்றொன்று, கவிமணியின் தமிழில் வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் பதிப்புகள் பல. மொழி மாறினால் ஆன்மாவும் மாறாதோ எனக் கவிஞர் வினவலாம். அவ்வழக்கைத் தீர்ப்பது பட்டியலின் பணியன்று. ஒன்றைத் தேடி வந்தவருக்கு ஏனையவற்றின் உறவைக் காட்டுவதே அதன் பணி.

இலக்கியத்தை மொழி, வடிவம், ஆசிரியர், படைப்பு என அவர் நான்காகப் பகுத்தார். ஆசிரியரைக் குறிக்க அவர் பிறந்த ஆண்டையே கொண்டார். ஆகவே கவிமணியைச் சுட்டுவது 1876. நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் இம்முறையில் தமிழ்க் கவிதையினுள் அமையும். எனினும் மருமக்கட்டாய உரிமைமுறையை ஆராய்பவர் கவிதை வரிசையைத் தேடார். நூலில் பொதிந்த பிற பொருளின்கீழும் ஒரு குறுக்குக் குறிப்பு அமைக்க அரங்கநாதனாரின் விதி வழி செய்தது. பிற்காலத்தில் எல்லாப் பொருட்கூறுகளையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்தனுள் அடக்கினார். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட மரபினராகிய நமக்கு இந்நோக்கு அயலன்று.

1945 இல் சென்னையை நீங்கிக் காசியிலும் தில்லியிலும் பணியாற்றினார். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதல் இயற்றப்பெற்ற 1948 ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் அவருடைய நெடுமுயற்சியின் விளைவு. தம் சேமிப்பில் ஓரிலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்துத் துணைவியார் சாரதா பெயரில் நூலகவியல் இருக்கை நிறுவினார். 1962 இல் பெங்களூரில் ஆவணவியல் ஆய்வுப் பயிற்சி மையத்தைத் தோற்றுவித்து, 1972 செப்டம்பர் 27 இல் அந்நகரிலேயே மறைந்தார்.

1998 இல் பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு, பட்டியலுக்கான கருத்துருவை வெளியிட்டது. ஆக்கம், மொழிவடிவம், பதிப்பு, படி என்னும் நான்கு நிலைகளை அது வகுத்தது. கண்டறிதல், இனங்காணுதல், தெரிந்தெடுத்தல், பெறுதல் எனப் படிப்பவரின் தேவைகளிலிருந்தே தொடங்கியது. அரங்கநாதனாரின் ஆன்மாவும் ஈருடலும் அதில் வேறு பெயரோடு உலவக் காண்கிறோம்.

இன்று கணிப்பொறி நொடியில் தேடித் தருகிறது. ஆயினும் பதியாததை அது தராது. புனைபெயரில் ஒரு நூலும் இயற்பெயரில் மற்றொன்றும் வெளியிட்ட கவிஞர் பட்டியலில் இருவராகி விடுகிறார். மறுபதிப்பு புதுநூலாகி விடுகிறது. சில நூறு படிகளே அச்சேறும் நம் தொகுதிகளுக்கு இது சிறு இழப்பன்று. கவிஞர் தம் நூலின் முகப்பை அடுத்த பக்கத்தில் இயற்பெயர், புனைபெயர், பிறந்த ஆண்டு, முதற்பதிப்பு ஆண்டு, பெயர்ப்பாயின் மூலநூல் ஆகியவற்றை அச்சிடுதல் வேண்டும். நாளை அந்நூலைத் தேடி வருபவர் வெறுங்கையோடு திரும்பாதிருக்க இவ்வைந்து வரிகள் துணைநிற்கும்.