மாத்திரை தந்த மாமேதை

வடசென்னைத் தோழர்களில் எத்தனை பேர் எல்லப்பிரகட சுப்பாராவ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பர்? துறைமுகத்தில் பாரம் தூக்கும் தோழர் கேட்டிருக்கமாட்டார். எண்ணூரில் லாரி செய்யும் தோழரும் கேட்டிருக்கமாட்டார். காசிமேட்டில் வலை இழுப்பவரும் அப்படியே.

ஆனால், அவர் தந்தவை இவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. இராயபுரம் இராமசாமி முதலியார் பிரசவ மருத்துவமனையில் கருவுற்ற பெண்களுக்குத் தருகிறார்களே சிவப்பு மாத்திரை, அதில் இரும்புச்சத்தோடு சேர்ந்திருப்பது ஃபோலிக் அமிலம். யானைக்கால் நோயை ஒழிக்க 2004 முதல் நாடெங்கும் ஊர் ஊராக வழங்கினார்களே, அந்த மாத்திரையும் அவர் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான். இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்குத் தரும் மெத்தோடிரெக்சேட்டும் அவர் வழி வந்ததே. மருந்தை விழுங்குகிறோம், மருந்து தந்தவரை மறந்துவிட்டோம். அந்த மறதியைப் போக்கவே இந்த வரலாற்றைச் சொல்ல முனைகிறோம்.

அன்றைய சென்னை மாகாணத்தில், கோதாவரிக் கரைப் பகுதியிலுள்ள பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ல் பிறந்தார் சுப்பாராவ். வறிய குடும்பம். பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். தாய் வெங்கம்மா விடவில்லை. பிடித்து வந்து பள்ளியில் சேர்த்தார். தகப்பனார் மறைந்த பின் நகையை விற்றுப் படிக்கவைத்தார். பையனோ மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறினார். மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்த நாளில் சென்னை கொதித்துக்கொண்டிருந்தது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1921-ல் பெரம்பூரில் பின்னி ஆலைத் தோழர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து வரலாறு படைத்தனர். அந்தக் காற்று மருத்துவக் கல்லூரிக்குள்ளும் வீசியது. சுப்பாராவ் கதராடை உடுத்தி அறுவைக் கூடத்துக்குள் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. விளைவு? எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை அரசின் மருத்துவப் பணியிலும் இடமில்லை. உடுத்திய துணிக்காக ஒருவனுடைய அறிவை அளந்த ஆட்சி அது!

இதற்கிடையில் அவர் நெஞ்சில் ஆறாத புண் ஒன்று விழுந்திருந்தது. அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். குடல் உணவுச் சத்தை உறிஞ்ச முடியாமல் உடலைக் கரைத்துவிடும் ஸ்புரூ என்னும் நோய் அவர்களைக் கொன்றது. அவரையும் அந்த நோய் பற்றியது. ஆசண்ட லட்சுமிபதி என்ற மருத்துவரின் சிகிச்சையால் பிழைத்தார். அதே லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராக வேலையும் பார்த்தார்.

மாமனார் கொஞ்சம் கொடுத்தார். காக்கிநாடா சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை கொஞ்சம் கொடுத்தது. கப்பலேறினார். 1922 அக்டோபரில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் இறங்கினார். பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரம் கழுவும் வேலை. ஆம் தோழர்களே, பின்னாளில் உலகுக்கே மருந்து தந்த கை, அன்று பாத்திரம் கழுவிய கைதான்.

ஹார்வர்டில் ஃபிஸ்கே என்ற பேராசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரசை அளக்கும் முறையை 1925-ல் வகுத்தார். இன்றும் அது ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே வழங்குகிறது. 1927-ல் தசைக்குள் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டனர். 1929-ல் ஏ.டி.பி.யைக் கண்டனர், அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் கண்டார். மூட்டை தூக்கும் தோழரின் தோள் சுருங்கி விரிகிறதே, அந்த விசை எங்கிருந்து வருகிறது? இந்த ஏ.டி.பி.யிலிருந்துதான். உழைப்பின் வேதியியலை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர், சென்னையில் வேலை மறுக்கப்பட்ட இந்த மனிதர். அப்படியும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

அங்கே அவர் முன்னின்று நடத்திய பெரும்பணியே ஃபோலிக் அமிலம். அதன் கதை நம் நாட்டுத் தொழிலாளப் பெண்களின் கதையும் ஆகும். 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலையில் உழைக்கும் பெண்கள் கருவுற்றபோது இரத்தம் வற்றிச் செத்துக்கொண்டிருந்தனர். கிருமி காரணமா என்று தேடினார், இல்லை. அவர்கள் தட்டில் இருந்த உணவைப் பார்த்தார், காரணம் தெரிந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்தார், பிழைத்தனர். 1931-ல் அதை உலகுக்கு எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் எது? 1941-ல் அமெரிக்காவின் டெக்சாசில் நாலு டன் கீரையை அரைத்து அதைப் பிரித்தனர். இலையிலிருந்து வந்ததால் இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையே பெயராக வைத்தனர். ஆனால் டன் கணக்கில் கீரை அரைத்து எத்தனை பேரைக் காப்பது? 1945-ல் சுப்பாராவின் குழுவினர் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டினர். அதே ஆண்டு, ஸ்புரூ நோயாளிகள் அதனால் தேறினர் என்ற செய்தியும் வந்தது. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது, சகோதரர்கள்தாம் இல்லை.

இந்த அமிலம் உடலுக்குள் என்ன செய்கிறது? இதைத் தோழர்கள் அறிந்தே ஆகவேண்டும்.

நம் உடம்பு முழுவதும் ஒரே ஓர் உயிரணுவிலிருந்து வந்தது. அது இரண்டாகி, நாலாகி, கோடி கோடியாகிறது. ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நூலிழையில் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. அப்படியானால் ஒன்று கண்ணாகவும் ஒன்று கல்லீரலாகவும் ஆவது எப்படி? எண்ணூர்த் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். லாரித் தொழிற்சாலையில் முழு வண்டிக்குமான டிராயிங் இருக்கிறது. ஆனால் என்ஜின் பிரிவுக்காரர் என்ஜின் டிராயிங்கை மட்டுமே படியெடுத்து வேலை செய்கிறார். சேசிஸ் பிரிவுக்காரர் தமக்கு உரியதை எடுக்கிறார். உயிரணுவும் அப்படியே. எந்த மரபணுவைப் படியெடுப்பது, எதைப் பூட்டிவைப்பது என்று அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எடுத்த படிக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். அந்தப் படியைப் பார்த்துத்தான் புரதம் உருவாகிறது.

இந்தக் கட்டுப்பாட்டை முதலில் பாக்டீரியாவில் விளக்கியவர்கள் பாரிசில் ஜேக்கபும் மோனோவும், ஆண்டு 1961. இருவருமே இட்லரின் படைக்கு எதிராக நின்று போராடியவர்கள். 1962-ல் இங்கிலாந்தின் கர்டன், தவளைக் குடலின் உயிரணுக் கருவை முட்டைக்குள் வைத்துப் புதுத் தவளையே வளரும் என்று காட்டினார். குடலாக ஆன பின்பும் முழு டிராயிங்கும் உள்ளே இருக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. 2006-ல் ஜப்பானின் யமனாகா நாலே நாலு மரபணுக்களைச் செலுத்தி, சுண்டெலியின் தோல் உயிரணுவை மறுபடியும் எதுவாகவும் வளரக்கூடிய மூல உயிரணுவாக்கினார். 2012-ல் இவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில்தான் சுப்பாராவ் மறுபடி வருகிறார். மரபணுவைப் பூட்டும் வழிகளில் ஒன்று, அதன்மேல் மெத்தில் என்னும் சிறு முத்திரையைக் குத்துவது. முத்திரை விழுந்தால் பெரும்பாலும் படியெடுப்பு நிற்கும். அந்த முத்திரைக்கான பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பதில் ஃபோலிக் அமிலத்துக்குப் பங்கு உண்டு. அதைக் குத்துவதற்கு ஆயத்தமாக்க ஏ.டி.பி.யும் வேண்டும். படியெடுக்கும்போது ஆர்.என்.ஏ.யைக் கட்டும் நாலு செங்கற்களில் ஒன்றும் ஏ.டி.பி.யே. சுப்பாராவ் கைபட்ட இரண்டு பொருள்களும், அவர் காலத்தில் எவரும் அறியாத இந்தத் தொழிற்சாலையின் உள்ளே உழைத்துக்கொண்டிருந்தன!

2003-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. பெண் சுண்டெலிகளுக்கு ஃபோலிக் அமிலமும் அதுபோன்ற சத்துகளும் கூட்டிக் கொடுத்தனர். குட்டிகளில் பல பழுப்பு நிறமாகப் பிறந்தன. மரபணு மாறவில்லை, முத்திரை மாறியது. தாயின் உணவு குட்டியின் மரபணுப் பூட்டையே மாற்றியது. பிறப்பிலேயே எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்போர் இதற்கு என்ன பதில் சொல்வர்?

ஃபோலிக் அமிலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. டி.என்.ஏ.யைப் புதிதாகச் செய்ய அது வேண்டும். எலும்பு மச்சையிலுள்ள மூல உயிரணுக்களின் வழியே வினாடிக்குச் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. அமிலம் இல்லையேல் அவை பிரியமுடியாமல் பெருத்து நிற்கும், இரத்தம் வற்றும். பம்பாய் ஆலைப் பெண்களுக்கு நேர்ந்தது அதுதான்.

கருவிலும் அப்படியே. கருத்தரித்த 28 நாளுக்குள் சிசுவின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையான குழல் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் முதுகு பிளந்தோ மூளை வளராமலோ குழந்தை பிறக்கும். முன்பு அத்தகைய குழந்தை பெற்ற தாய்மாருக்கு அடுத்த கருவுக்கு முன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் நூற்றுக்கு 72 பங்கு ஆபத்து குறைகிறது என்று, ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு 1991-ல் காட்டியது. 1998 முதல் அமெரிக்காவில் மாவிலேயே அதைக் கலக்கவேண்டும் என்று விதி வந்தது.

நம் தெருக்களில் என்ன பேசுகிறோம்? கிரகணத்தன்று வெளியே வந்தாள், அதனால் குழந்தை ஊனமாயிற்று என்கிறோம். முன்வினை என்கிறோம். குழந்தையை இழந்த தாயின் தலையிலேயே பழியையும் ஏற்றுகிறோம். சந்திரனுக்கும் சிசுவின் முதுகுக்கும் என்ன உறவு? தட்டில் கீரையும் பருப்பும் இல்லாததற்கும், மாத்திரை உரிய காலத்தில் வந்து சேராததற்கும் உள்ள உறவையல்லவா பேசவேண்டும்?

வளரச்செய்யும் பொருளைக் கண்டவர், வளர்ச்சியைத் தடுக்கும் பொருளையும் கண்டார். இரத்தப் புற்றுநோய் என்பது, முதிரவேண்டிய இளம் உயிரணு முதிராமலே பெருகிக்கொண்டு போவது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ஃபோலிக் அமிலம் அந்த நோயை வளர்க்கிறது என்று ஐயுற்றார். அமிலத்தைப் போலவே தோன்றி அதன் வேலையைக் கெடுக்கும் அமினோப்டெரினைச் சுப்பாராவின் குழுவினர் செய்து கொடுத்தனர். நோயுற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்டார். அதுவரை மரணம் ஒன்றே முடிவாக இருந்த நோய் அது. அந்த மருந்தின் தம்பிதான் மெத்தோடிரெக்சேட். இன்று வேறு மருந்துகளும் சேர்ந்து, நல்ல வசதியுள்ள நாடுகளில் அந்நோயுற்ற குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு மருத்துவமனை போன்ற இடங்களில் நம் குழந்தைகளும் பிழைக்கின்றனர்.

ஃபார்பரின் கட்டுரை வந்த இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், மாரடைப்பால் மறைந்தார் சுப்பாராவ். வயது 53. பாராட்டு மேடைகளில் தம்முடன் உழைத்தவர்களையே முன்னே நிறுத்தியவர் அவர். தாய்நாடு திரும்பவில்லை, அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. மனைவி சேஷகிரி ஆண்டாண்டாகக் காத்திருந்தார். அவருடைய துயரத்துக்கு எந்த மருந்தும் இல்லை என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. 1995-ல், நூற்றாண்டின்போது, இந்திய அரசு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது.

அஞ்சல்தலை போதுமா? 2019–21-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் இந்தியாவில் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழகத்தில் 53 பேருக்கும் இரத்தசோகை. மருந்து கண்டுபிடித்து எழுபது ஆண்டு கடந்த பின் இந்தக் கணக்கு! இது அறிவியலின் தோல்வி அன்று, பங்கீட்டின் தோல்வி.

ஆகவே நாம் கேட்கிறோம். கருவுற்றபின் வரிசையில் நிற்கும்போது மட்டும் மாத்திரை கொடுத்தால், அந்த 28 நாள் கடந்துபோயிருக்கும். மணமாகும் பெண்ணுக்கே, கருவுக்கு முன்பே, அது சேரவேண்டும். மணலியிலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் பெண்களுக்கு வேலையிடத்திலேயே இரத்தச் சோதனையும் மாத்திரையும் கிடைக்கவேண்டும். சங்கங்கள் கூலியோடு இதையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதவேண்டும். நம் தோழர்கள் தெருத்தெருவாகச் சென்று கிரகணக் கதையை ஒதுக்கி, மாத்திரையின் கதையைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லும்போது, பாத்திரம் கழுவிப் படித்த பீமவரத்துப் பிள்ளையின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்!