மதுரைக் காவலன் வீரன்

பழனி மலையடிவாரத்துச் சிற்றூர்களில், நம் மக்கள் வாழும் தெருவின் எல்லையில், மீசை முறுக்கி, கையில் வாளேந்தி, இருபுறமும் இரு மங்கையர் நிற்கக் காட்சி தரும் மதுரை வீரனை அறியாத இளைஞர் இரார். ஆண்டுதோறும் பொங்கலிட்டு வணங்குகிறோம். ஆயினும் தெய்வமாவதற்கு முன் அவன் செய்த தொழில் யாது என்று வினவினால் பலரும் விழிப்பர். அவன் அரசனும் அல்லன். நாடு பிடித்தவனும் அல்லன். ஊரைக் காத்தவன். திருடரை அடக்கி வழிப்போக்கரைக் காப்பதே அவன் பணி. அப்பணியைச் செவ்வனே செய்து முடித்தவனுக்குக் கிடைத்த ஊதியம், மாறுகால் மாறுகை.

அவன் காலத்தில் காவல் நிலையமும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு பாளையங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. நம் பகுதியின் ஆயக்குடி, பாலசமுத்திரம், விருப்பாட்சி ஆகியனவும் அத்தகைய பாளையங்களே. ஊர்தோறும் காவல்காரர் இருந்தனர். விளைச்சலில் ஒரு பங்கு அவர்களுக்குக் காவற்கூலி. களவு போன பொருளை அவர்கள் மீட்டுத் தரவேண்டும். இயலாவிடின் தாமே ஈடு செய்ய வேண்டும். இக்காலத்துக் காவலர் எவரும் இவ்வொப்பந்தத்திற்கு இசையமாட்டார்!

வீரனை வளர்த்தவர்கள் அருந்ததியர் குலத்துச் சின்னானும் அவன் மனைவி செல்லியும். தோல் தொழில் செய்து பிழைத்த ஏழைகள். கதைப்பாடலோ, வீரன் காசி மன்னனின் மகன் என்றும், மாலை சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்பட்டான் என்றும், அங்கே சின்னானும் செல்லியும் கண்டெடுத்தனர் என்றும் கூறும். இவ்விடத்தில் இளைஞர்கள் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சேரியில் வளர்ந்த ஒருவனுக்குக் காசியில் ஏன் ஒரு தந்தை தேவைப்பட்டான்? வீரமும் அழகும் அரச குருதிக்கே உரியன என்று எண்ணியவர்களுக்குச் செல்லியின் மகன் வீரன் என்பது பொறுக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். மாலை சுற்றிய பிள்ளையை அரண்மனை எறிந்தது, சேரி எடுத்து வளர்த்தது என்று அக்கதையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், பெருமை எப்பக்கம் சேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சின்னான் பொம்மண நாயக்கரிடம் ஊழியம் புரிந்தான். அவர் மகள் பொம்மி பூப்பெய்தியபோது, வழக்கப்படி ஊருக்கு வெளியே குடிசையில் தனித்து வைக்கப்பட்டாள். இரவுக் காவல் சின்னானுக்கு. பகலில் தீண்டலாகாதவன், இரவில் பெண்ணைக் காக்கத் தகுந்தவன்! ஒரு நாள் மழை கொட்டிற்று. முதிய தந்தைக்கு மாற்றாக வீரன் காவலுக்குச் சென்றான். காவல் காதலாயிற்று. இருவரும் ஊரை நீங்கினர். துரத்தி வந்த படையுடன் வீரன் பொருதான். அப்போரில் பொம்மண நாயக்கர் மாண்டார்.

திருச்சிராப்பள்ளி மன்னன் அவன் ஆற்றலைக் கேட்டுப் பணியில் அமர்த்தினான். அந்நாளில் மதுரைக்கு வடகிழக்கே அழகர்மலைக் காடுகளில் கொள்ளைக் கூட்டத்தார் பதுங்கி, வணிகரையும் கோயிலுக்குச் செல்வோரையும் வழிமறித்துப் பறித்து வந்தனர். மதுரை நகரமும் அஞ்சிற்று. அவர்களை ஒடுக்க வீரன் அனுப்பப்பட்டான். காட்டினுள் புகுந்து அவர்களை முறியடித்தான். நகரம் நிம்மதியாக உறங்கிற்று.

பிறகு நடந்ததைப் பலரும் பலவாறு கூறுவர். அரண்மனை ஆடல் மகளான வெள்ளையம்மாள் மீது வீரன் அன்பு கொண்டான். இரவில் அவளைக் காணச் சென்றவனைக் காவலர் திருடன் எனப் பிடித்தனர் என்பது ஒரு வழக்கு. அவள் மீது மன்னனே விருப்பம் கொண்டிருந்தான் என்பது மற்றொரு வழக்கு. எவ்வழக்கிலும் முறையான விசாரணை என ஒன்று இல்லை. திருடரை ஒடுக்கியவன் திருடனாக்கப்பட்டான். ஒரு பக்கத்துக் கையும் மறுபக்கத்துக் காலும் வெட்டப்பட்டன. பொம்மியும் வெள்ளையம்மாளும் அவனோடு உயிர் நீத்தனர். மீனாட்சியம்மன் அருளால் அவன் கை கால்கள் மீண்டும் வளர்ந்தன எனவும், அதன் பின்னும் வாழ விரும்பாது அவன் உயிர் துறந்தான் எனவும் பாடல் சொல்லும். உடல் நலம் பெற்றும் அவன் அந்த அரசின் கீழ் வாழ மறுத்தான் என்பதே என் நெஞ்சைத் தொடும் பகுதி.

காலத்தைப் பற்றி ஒரு சொல். கதைப்பாடல் மதுரையில் திருமலை நாயக்கரையும், திருச்சியில் விசயரங்க சொக்கநாதரையும் ஒருசேரக் குறிப்பிடுகிறது. முன்னவர் ஆண்டது கி.பி. 1623 முதல் 1659 வரை. பின்னவர் 1706 முதல் 1732 வரை. ஒரே வீரன் இருவரிடமும் பணிபுரிந்திருக்க முடியாது. பாடிய மக்களுக்கு ஆண்டுக் கணக்கு பெரிதன்று; செய்த அநீதியே நினைவில் நின்றது. திருமலை நாயக்கரின் மகாலைப் பாடமாக நடத்துகிறோம். அந்நகரைக் காத்தவனாக மக்கள் போற்றுபவனைத் திரைப்படத்தில்தான் காண நேர்ந்தது, எம்.ஜி.ஆர். நடித்து 1956-இல் வெளிவந்த அப்படத்திற்குத் திரண்ட கூட்டத்தைப் பெரியவர்கள் இன்றும் கூறுவர்.

தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் அவனையும் உடன் கொண்டு சென்றனர். மலேசியாவின் ரப்பர்த் தோட்டங்களில் அவனுக்குக் கோயில்கள் எழுந்தன. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான குவாதலூப்பில், தமிழ் மொழி மறந்த வழித்தோன்றல்களும் அவன் பெயரை மறக்கவில்லை.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அவனுக்கு இடம் தரப்பட்டது கிழக்குக் கோபுர வாயிலில். வெளியே நின்று காக்கலாம். அவனை வளர்த்த குலத்தார் உள்ளே செல்லலாகாது. இந்நிலை 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் வரை நீடித்தது. அன்று வைத்தியநாத ஐயர் அழைத்துச் செல்ல, நம்மவர் அக்கோயிலுள் நுழைந்தனர். அவர்களுள் ஒருவர், அழகர்மலைக்கு அண்மையிலுள்ள மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். பின்னாளில், 1963 முதல் 1967 வரை, அவர் சென்னை மாநிலத்தின் உள்துறை அமைச்சராக இருந்தார். மாநிலத்தின் காவல் துறை முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது.