ஒரே காய்ச்சல், வேறு வேறு உடல்: பேரறிஞர் ஹால்டேன்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்திலே ஒரு காம்பராவிற் காய்ச்சல் புகுந்தால், அண்ணன் பத்து நாள் படுக்கையிற் கிடப்பான். அவனோடு ஒரே பாயிற் படுத்த தம்பியோ இரண்டு தும்மலோடு எழுந்து பள்ளிக்குச் செல்வான். ஊழ் என்பார் சிலர்; உடலைப் பேணாத குற்றம் என்பார் வேறு சிலர். இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பிறப்பிலே தேட வழிகாட்டியவர்களுள் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

அவர் 1892 நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டிற் பிறந்தார். சுரங்க நச்சுக்காற்றை ஆராய்ந்த தந்தையாருக்கு இளமையிலேயே துணைநின்றார். கணிதமும் கிரேக்க, இலத்தீன் நூல்களும் கற்ற அவர், பிறப்புரிமையியலின் முன்னோடிகளுள் ஒருவராய் உயர்ந்தார்.

தலசீமியா என்னும் குருதிச்சோகை நம் இலங்கையிலும் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் அதன் மரபணுவைப் பெற்ற பிள்ளை பெருந்துன்பம் அடையும். அத்தகைய தீய மரபணு, மலேரியா மலிந்த நாடுகளில் அழியாது நிலைத்ததேன்? ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரை அது மலேரியாவினின்று காக்கக்கூடும் என 1949இல் ஹால்டேன் கருத்துரைத்தார். அரிவாளணுச் சோகையின் மரபணு அவ்வாறே காப்பதை 1954இல் அலிசன் ஆபிரிக்காவில் நிறுவினார். மக்கள் உடலமைப்பில் வேறுபட்டிருத்தலே, ஒரே நோயால் இனம் முழுதும் மாளாதிருக்க அரண் என்பதும் ஹால்டேன் கண்ட உண்மையாகும்.

மலேரியா வைரசு நோயன்று. எனினும் அந்நெறி வைரசுக்கும் பொருந்திற்று. உயிரணுவின் வாயிலொன்றை அடைக்கும் மரபணு மாற்றத்தை இரு பெற்றோரிடமும் பெற்றவரை எயிட்சு வைரசு பெரும்பாலும் பற்றுவதில்லை என்பது 1996இல் தெரிந்தது. கொரோனா நோயைக் கடுமையாக்கும் மரபுக்கூறொன்று நியாண்டர்தால் மாந்தரிடமிருந்து வந்ததென்றும், தென்னாசியரிடம் மிகுதியென்றும் 2020இல் அறிந்தனர். ஆயினும் மரபே முற்றும் அன்று. வயதும், ஊணும், காற்றோட்டமற்ற உறையுளும் உடன் நின்று நோயை வளர்க்கும்.

ஹால்டேன் 1957இல் இந்தியாவிற் குடியேறினார். 1961இல் அந்நாட்டுக் குடிமகனாயினார். வேட்டியும் சட்டையும் அணிந்து, மரக்கறி உண்டு வாழ்ந்தார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் உயிர்நீத்தார். அவர் விருப்பின்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

ஆசிரியப் பெருமக்களே! காய்ச்சலால் வகுப்புக்கு வாராத பிள்ளையைச் சோம்பேறி என்று கடியுமுன், அடுத்திருக்கும் பிள்ளையின் உடலன்று அவனுடல் என்பதை நினைவிற் கொள்க.