கடலின் காவலர் கூஸ்தோ

ஜாக் கூஸ்தோ 1910ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்தார். விமானியாக விரும்பிக் கடற்படையில் பயின்றார். ஒரு மகிழுந்து விபத்தில் அவருடைய கைகள் முறிந்தன. விமானக் கனவும் கலைந்தது. கைகள் வலுப்பெற நாள்தோறும் கடலில் நீந்தினார். நீச்சல் கண்ணாடி அணிந்து நீருக்குள் நோக்கியபோது புதியதோர் உலகம் புலப்பட்டது.

அவ்வுலகில் நெடுநேரம் உலவ விரும்பி, 1943இல் பொறியாளர் எமில் கான்யானுடன் இணைந்து, நீருக்குள் மூச்சுவிட உதவும் கருவியை உருவாக்கினார். பின்னர் 'கலிப்சோ' என்னும் கப்பலில் பல கடல்களுக்கும் சென்றார். தாம் கண்டவற்றைத் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் ஆக்கினார். கடலையே காணாதவர்களின் இல்லங்களுக்கும் கடல் வந்து சேர்ந்தது.

தொடக்கத்தில் அவருடைய குழுவினர் மீன்களைக் கணக்கிட வெடி வைத்தனர், சுறாக்களையும் கொன்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, மீன்கள் நிறைந்திருந்த இடங்கள் வெறுமையாவதைக் கண்டு கூஸ்தோ வருந்தினார். தம் வழியை மாற்றிக்கொண்டார். அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டும் திட்டத்தை 1960இல் எதிர்த்தார். அண்டார்க்டிகாவில் சுரங்கம் தோண்டுவதைத் தடுக்கப் பாடுபட்டார். 1991இல் அதற்குத் தடை விதிக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது.

1997இல் அவர் மறைந்தார். வியந்து பார்த்த கடலைக் காக்கவும் கற்றுக்கொண்டதே அவரது பெருமை.