செல் பிரியும்போது உள்ளே என்ன நடக்குது? கரும்பின் குரோமோசோம்களை எண்ணிய ஜானகி அம்மாள் யார்?

திண்டிவனத்தில் இருந்து கிளியனூர் வழியா புதுச்சேரிக்குப் போயிருக்கீங்களா? இந்த ரோடு ஓடும் விழுப்புரம் மாவட்டம் கரும்புக்குப் பேர்போனது. ஆனா இங்கே விவசாயிகள் யாரும் விதை தூவி கரும்பு வளர்ப்பதில்லை. கரணையை வெட்டி நட்டாலே போதும். கணுவில் இருக்கும் மொட்டின் செல்கள் இரண்டாக, நாலாக, எட்டாகப் பிரிந்து முழுக் கரும்பாகிவிடும். தாய்க் கரும்பில் என்ன குரோமோசோம்களோ, அதேதான் புதுக் கரும்பிலும்.

அப்போ புது ரகம் எப்படி வரும்? கரும்பைப் பூக்க விட்டு, வேறொன்றோடு கலக்க வேண்டும். எது எதோடு சேரும் என்று தெரிய, செல்லுக்குள் குரோமோசோம்களை எண்ண வேண்டும். கோவையில் அந்த வேலையைச் செய்தவர்தான் இ.கே.ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் தலச்சேரியில் பிறந்தார். சென்னையில் ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவருக்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக உதவித்தொகை கிடைத்தது. 1931-ல் அங்கே டாக்டர் பட்டம். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கோவையில் நடந்தது என்ன?

1934-ல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். கோவையில் கரும்பு நன்றாகப் பூக்கும், அதனால்தான் நிலையமே அங்கே வந்தது. இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவரே ஜானகி அம்மாள்தான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுத்துது. அது கொஞ்சம் ஓவர். புகழ்பெற்ற கோ 205 ரகம், பார்பர், டி.எஸ்.வெங்கட்ராமன் காலத்தில், அவர் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. அவர் செய்தது வேறு. ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் காட்டுக் கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார். கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து காட்டினார். இது 1938-ல் நேச்சர் இதழில் வந்தது.

பெண், தனியாக வாழ்பவர், அதுவும் தீயர் சமூகம். இந்தக் காரணங்களால் அங்கே அவருக்கு நிம்மதி இல்லை என்றே அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1939-ல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனவர், உலகப்போர் வெடித்ததும் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

கண்வலிக்கிழங்கு கனெக்‌ஷன்

லண்டன் ஜான் இன்னஸ் நிலையத்திலும், பிறகு விஸ்லி தோட்டத்திலும் வேலை. விஸ்லியில் அவர் கையில் எடுத்தது கோல்சிசின். நம்ம ஊர் கண்வலிக்கிழங்கில், அதாங்க செங்காந்தளில், இருக்கும் அதே நஞ்சு. சாதாரணமாக செல் பிரியும்போது குரோமோசோம்கள் முதலில் இரட்டிப்பாகும். பிறகு மெல்லிய நூல் போன்ற இழைகள் அவற்றை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும். கோல்சிசின் அந்த இழைகளை உருவாக விடாது. விளைவு? குரோமோசோம் இரட்டிப்பாகிவிடும், செல் மட்டும் பிரியாது. இப்படி இரட்டைக் கணக்கு குரோமோசோம் உள்ள செடிகளில் இலையும் பூவிதழும் பெரும்பாலும் தடிமனாக இருக்கும். மக்னோலியா நாற்றுகளில் அவர் இதைச் செய்தார். அதில் ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

1945-ல் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். டி.என்.ஏ-வின் வடிவம் தெரிய வந்ததே அதற்கு 8 வருஷம் கழித்துத்தான்!

நேரு அழைப்பில் 1951-ல் இந்தியா திரும்பி, இந்திய தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1970-ல் சென்னையில் குடியேறி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்களத்தில் மூலிகைகளை ஆராய்ந்தார். 1977-ல் பத்மஸ்ரீ.

80 வயதைத் தாண்டிய பிறகும் ஓயவில்லை. கேரளாவின் சைலண்ட் வேலி காட்டை மூழ்கடிக்க இருந்த நீர்மின் திட்டத்தை எதிர்த்தார். 1983-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ல் மதுரவாயலில் காலமானார். சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பரில்.