மெக்காலே பெறாத பிள்ளை

முகையூர்த் தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி போட்டனர். பிறன்மனைவியோடு கூடியவனை மட்டும் சிறைக்கு அனுப்பிய 497-ஆவது பிரிவு மெக்காலே துரையின் கைவண்ணந்தானே என்பது கேள்வி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் தந்தை மெக்காலே என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம்; ஆகவே இந்தப் பிள்ளையும் அவருடையதே என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இந்தப் பிள்ளைக்கு அவர் தகப்பனல்லர்!

1800-இல் இங்கிலாந்தில் பிறந்தவர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. தந்தை சக்காரி, அடிமை வாணிபத்தை ஒழிக்கப் போராடியவர். மகன் 1830-இல் பாராளுமன்றம் புகுந்தார். யூதர்களுக்கு உரிமை கேட்டுத் தம் கன்னிப் பேச்சை நிகழ்த்தினார். 1834 ஜூனில் சென்னையில் வந்திறங்கி, உதகைக்குப் பல்லக்கில் போனார். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன் சம்பளம் என்று சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. பல்லக்குத் தூக்கியவன் பெயரைத்தான் எழுதி வைக்கவில்லை.

நம் நாட்டு மொழிகளையும் ஏடுகளையும் இழித்துப் பேசியவர் இவர். அதை நாம் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. ஆயினும் பற்று எழுதியவன் வரவும் எழுதத்தானே வேண்டும்?

சட்டக் கமிஷன் தலைவராக இருந்து 1837-இல் அவர் தந்த வரைவில், மணவாழ்வில் நெறி தவறுவது தண்டனைக்குரிய குற்றமாக இல்லை. கோர்ட்டுப் படியேறும் கணவன் பெரும்பாலும் பணத்துக்கே வருகிறான், அதற்குச் சிறை எதற்கு என்பது அவர் சொன்ன ஒரு காரணம். மற்றொரு காரணந்தான் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது. அறியாப் பருவத்தில் தாலி கட்டி, இளமை தீருமுன் ஒதுக்கி, சக்களத்திகளின் நடுவே விடப்படுகிறாள் இந்நாட்டுப் பெண். ஆடவன் எத்தனை மனைவியும் கொள்ளலாம் என்று சட்டமே இடங்கொடுக்கும்போது, அவளை மட்டும் தண்டிக்கச் சட்டம் செய்வது முறையன்று எனக் கருதினார். இவ்வளவும் எண்ணியவர் கடைசிவரை கலியாணமே செய்துகொள்ளாத மனிதர்!

1838-இல் அவர் கப்பலேறினார். வரைவு இருபதாண்டுக்குமேல் கிடப்பில் கிடந்தது. 1859 டிசம்பர் 28-இல் அவர் கண்மூடினார். மறு ஆண்டு, பார்ன்ஸ் பீகாக் திருத்திய வடிவில் சட்டம் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்வந்த கமிஷனர்களின் யோசனைப்படி 497 அதற்குள் குடியேறியிருந்தது.

அந்தப் பிரிவு சொன்னதென்ன? கணவன் சம்மதமின்றி அவன் மனைவியைக் கூடியவனுக்கு ஐந்தாண்டு வரை சிறை. கணவன் சம்மதித்தால் குற்றமில்லை! மணமான ஆண் கன்னியோடோ கைம்பெண்ணோடோ உறவு கொண்டாலும் குற்றமில்லை. அவன் மனைவி வழக்குப் போடவும் வழியில்லை. பெண்ணுக்குத் தண்டனை இல்லையே, அது சலுகையல்லவா என்பார் உண்டு. மாடு களவுபோனால் மாட்டையா ஜெயிலில் வைக்கிறோம், தோழர்களே?

இதே வாடை 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்திலும் வீசிற்று. முகையூர் வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களையும் கட்டியிருந்த சட்டம் அது. மனைவி தவறினாள் என்ற ஒன்றே கணவன் விலகப் போதும். கணவன் தவறினாலோ, கூடவே கொடுமையோ ஈராண்டுக் கைவிடலோ வேறேதும் பாதகமோ இருந்ததாக மனைவி மெய்ப்பிக்க வேண்டும். 2001-இல்தான் அது திருந்தியது. கற்பு வேண்டுமென்றால் இருபாலுக்கும் வேண்டும் என்று பெரியார் கேட்டது 1920-களில்!

497-ஐ உச்சநீதிமன்றம் 1954-இலும் 1985-இலும் காப்பாற்றியது. 2018 செப்டம்பர் 27-இல் ஐந்து நீதிபதிகள் அதை வீழ்த்தினர். தண்டனைச் சட்டமே 2024 ஜூலை 1-இல் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் 497 இல்லை. ஆனால் அதன் பக்கத்து வீட்டுக்காரன் 498, இப்போது 84 என்ற எண்ணோடு உட்கார்ந்திருக்கிறான்: பிறன் மனைவியைத் தகாத நோக்கத்தோடு ஆசைகாட்டி அழைத்துச் சென்றால் ஈராண்டு வரை சிறை. பிறத்தியாள் கணவனை அழைத்துச் சென்றால் என்ன என்று அங்கே ஒரு வரியும் இல்லை.