ரேச்சல் கார்சன்: கடலை எல்லோருக்கும் புரியவைத்தவர்

டால்பின் எப்படித் தூங்குகிறது, விலாங்கு மீன் எங்கே போய் முட்டையிடுகிறது? இன்றைக்கு செல்போனில் தட்டினால் போதும், படத்தோடு பதில் வந்துவிடும். 1930-களில் அப்படியில்லை. கடல் உயிர்களைப் பற்றி அறிஞர்களுக்குத் தெரிந்தது ஆய்வுக் கட்டுரைகளுக்குள்ளேயே கிடந்தது. அதைச் சாதாரண மக்களின் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், அமெரிக்க உயிரியலாளர் ரேச்சல் கார்சன்.

பலருக்கும் அவர் பெயரைக் கேட்டதும் டி.டி.டி. பூச்சிக்கொல்லிதான் நினைவுக்கு வரும். ஆனா, அதற்கு முன்பு சுமார் கால் நூற்றாண்டாக அவர் எழுதியது பெரும்பாலும் கடலைப் பற்றித்தான்.

கடலைப் பார்க்காத சிறுமி

1907 மே 27-ல், பென்சில்வேனியாவின் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் பிறந்தார். கடலுக்கும் அந்த ஊருக்கும் வெகுதூரம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தவர், பாதியில் உயிரியலுக்கு மாறினார். 22 வயதில், 1929-ல் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்துக்குப் போனபோதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்.

1932-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் விலங்கியல் முதுகலைப் பட்டம். 1935-ல் அப்பா இறந்துபோக, குடும்பப் பாரம் இவர் தலையில் விழுந்தது. அமெரிக்க மீன்வளத் துறை, கடல் உயிர்கள் பற்றி 52 பகுதிகள் கொண்ட வானொலித் தொடருக்கு ஆள் தேடியது. விஞ்ஞானமும் தெரியணும், சுவையாக எழுதவும் வரணும். கார்சனுக்கு இரண்டும் வந்தது. அடுத்த வருஷமே அதே துறையில் நிரந்தர வேலையும் கிடைத்தது.

86 வாரங்கள்

முதல் புத்தகம் ‘அண்டர் தி சீ-விண்ட்’ 1941 நவம்பரில் வந்தது. ஒரு கடற்கரைப் பறவை, ஒரு கானாங்கெளுத்தி, ஒரு விலாங்கு மூன்றையும் கதாபாத்திரங்களாக்கிச் சொன்ன கடல் கதை. அடுத்த மாதமே பேர்ல் ஹார்பர் தாக்குதல். நாடு போரில் இறங்கியது. புத்தகத்தைச் சீந்த ஆளில்லை.

அவர் விடவில்லை. பகலில் அலுவலகம், இரவில் எழுத்து. 1949-ல் அரசின் ‘அல்பட்ராஸ் 3’ ஆய்வுக் கப்பலில் ஏற அனுமதி கேட்டார். ஆண்கள் மட்டுமே போய்க்கொண்டிருந்த கப்பல் அது. தனியாக ஒரு பெண் போவதா என்ற தயக்கம் எழ, தன் இலக்கிய முகவரான பெண்ணையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்வந்தார்.

1951-ல் ‘தி சீ அரவுண்ட் அஸ்’ வெளியானது. ‘நியூயார்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலில் 86 வாரங்கள் இருந்தது; தேசியப் புத்தக விருதும் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானார்.

கடல் பெரிசு, ஆனா...

கடல் ரொம்பப் பெரியது, மனுஷனால் அதை என்ன செய்துவிட முடியும் என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அணுக்கழிவைப் பீப்பாய்களில் அடைத்துக் கடலில் தள்ளினார்கள். 1961-ல் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் கார்சன் இந்த நம்பிக்கையை உடைத்தார். கழிவு போட்ட இடத்திலேயே கிடக்காது, நீரோட்டம் இழுத்துப்போகும். மிதவை நுண்ணுயிர்கள் அதை உறிஞ்சும், அவற்றைச் சிறு மீன் தின்னும், சிறு மீனைப் பெரிய மீன் தின்னும். கடைசியில் அது நம் தட்டுக்கே வரலாம் என்று விளக்கினார்.

அடுத்த ஆண்டு வந்த ‘சைலன்ட் ஸ்பிரிங்’ புத்தகத்திலும் இதே சங்கிலிதான். காட்டில் தெளித்த டி.டி.டி., ஆற்றில் இறங்கி சால்மன் குஞ்சுகளைக் கொன்றதை அதில் விவரித்தார். ரசாயனத் தொழில்துறை அவரைக் கடுமையாகத் தாக்கியது. அப்போது அவர் மார்பகப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. அந்த நிலையிலும் 1963-ல் செனட் குழு முன்பு சாட்சியம் அளித்தார்.

1964 ஏப்ரல் 14-ல், 56 வயதில் காலமானார். 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யின் விவசாயப் பயன்பாட்டைத் தடை செய்தது. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்படிக்கையும் அதே ஆண்டில் உருவானது. அணுக்கழிவைக் கடலில் கொட்ட 1993-ல் அந்த உடன்படிக்கை நாடுகள் முழுத் தடைக்கு ஒப்புக்கொண்டன. கார்சன் எச்சரித்து 32 ஆண்டுகள் கழித்து!